பிழைப்பும் பண்பாடும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குப் பல வருடமாகச் சமூகவியல் வகுப்பு எடுக்கிறேன். பிழைப்புக்கும் பண்பாட்டுக்கும் உள்ள தொடர்பு பற்றிய பாடம் வந்துவிட்டால் அன்றைக்கு வகுப்பு நேரத்துக்கு முடியாது. ஆளுக்கொரு ஊர்க்கதை இருக்கும், அதோடு ஒரு சந்தேகமும் இருக்கும். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் அதிகம் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்துவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

1. சோறு எப்படி வருதுங்கிறதுக்கும் சாமி எப்படிக் கும்பிடுறோம்ங்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

காவிரிக் கரையில் ஆடி 18 அன்று ஆற்றுக்குப் படையல் வைக்கிறார்கள். புது வெள்ளம் வந்தால்தான் நாற்று விட முடியும், நாற்று விட்டால்தான் தை மாதம் நெல் வீட்டுக்கு வரும். கடலோரத்தில் இந்த விழாவுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஆனால் காற்றுக்கு அங்கே திசைக்கொரு பெயர் உண்டு: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். எது வயிற்றை நிரப்புகிறதோ, அதைச் சுற்றித்தான் பயமும் நன்றியும் சொல்லும் சேரும். இது மேலோட்டமான பதில்.

கொஞ்சம் உள்ளே போனால், ஒரு பிழைப்பு மனிதர்களிடம் மூன்று விஷயங்களைப் பிடிவாதமாகக் கேட்கிறது. யாரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும்? எந்த மாதம் கை நிறைய வேலை, எந்த மாதம் சும்மா? கிடைத்ததைச் சேர்த்துவைக்க முடியுமா, முடியாதா? குடும்பம், கடன், கல்யாணம், மரியாதை எல்லாம் இந்த மூன்றுக்கும் ஏதோ ஒரு விதத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மானுடவியலாளர் ஜூலியன் ஸ்டூவர்ட் 1955இல் இதை இன்னும் கவனமாகச் சொன்னார். பிழைப்போடு ஒட்டியிருக்கும் பகுதிகள், அதாவது வேலைப் பங்கீடு, நில உரிமை, குடியிருப்பு போன்றவை, பண்பாட்டின் மையம். கோலமும் கதையும் பாட்டும் அதைவிடச் சுதந்திரமாக உலவும்.

2. இதைத்தானே நம்ம ஐந்திணை ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே சொல்லுச்சு?

பாதி சரி. தொல்காப்பியம் கருப்பொருள் என்று அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுகிறது. நிலமும் தொழிலும் தெய்வமும் இசையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற பார்வை அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அது கவிதைக்கு எழுதிய இலக்கணம். நெய்தல் நிலத்தில் யார் என்ன செய்தார்கள் என்று கணக்கெடுத்து எழுதிய அறிக்கை இல்லை. தேர்வில் "தமிழர்கள் கண்டுபிடித்த சூழலியல்" என்று எழுதிவைத்துவிட்டு வராதீர்கள்.

எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. கணவன் பரத்தை வீட்டுக்குப் போவதும் மனைவி ஊடுவதும் ஏன் மருதத்துக்கு வைக்கப்பட்டன? வயலில் விளைந்து, களஞ்சியம் நிறைந்து, உழைக்காமல் உண்ண ஒரு ஆள் இருக்கும் இடம் அதுதான். முல்லையிலும் நெய்தலிலும் காத்திருக்கிறார்கள், இரங்குகிறார்கள். மருதத்தில்தான் ஒருவனுக்குப் பொழுது மிச்சம். உபரி எங்கே இருக்கிறது என்று அந்தக் கவிஞர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இது என் வாசிப்பு, உரையாசிரியர் யாரும் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. வேட்டையாடி வாழ்ந்தவங்க எல்லாரும் சமமா இருந்தாங்களாமே. அவ்வளவு நல்லவங்களா?

குணத்தால் வந்த சமத்துவம் இல்லை அது, ஏற்பாட்டால் வந்தது. கலஹாரிப் பாலைவனத்தின் ஜுஹோன்சி மக்களிடம் ரிச்சர்ட் லீ 1963 முதல் ஆய்வு செய்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு நல்ல கொழுத்த எருதாகப் பார்த்து வாங்கி அவர்களுக்கு விருந்து வைக்க நினைத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் "இந்த எலும்புக்கூட்டையா வாங்கினாய், யாருக்குப் போதும்" என்று பழித்தார்கள். மனுஷன் நொந்துபோனார். பிறகுதான் விஷயம் புரிந்தது. பெரிய இரை கொண்டுவரும் எவனையும் அவர்கள் அப்படித்தான் மட்டம் தட்டுவார்கள். இல்லாவிட்டால் அவன் தன்னைத் தலைவன் என்று நினைத்துக்கொள்வான், மற்றவர்களை வேலைக்காரர்களாகப் பார்ப்பான். இறைச்சியைப் பங்கு போடும் உரிமையும் எய்தவனுக்கு இல்லை, அம்பின் சொந்தக்காரருக்கு. அம்பை இரவல் கொடுப்பார்கள், வாங்குவார்கள். அதனால் பங்கு போடும் பெருமை ஒரே ஆளிடம் தங்குவதில்லை.

இறைச்சி அந்த வெயிலில் கெட்டுப்போகும். சேமிக்க முடியாததைப் பக்கத்து வயிற்றில் போட்டுவைப்பதுதான் சேமிப்பு. இதே வேட்டை, உணவு சேகரிப்புப் பிழைப்பை வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் பாருங்கள். அங்கே ஆற்றில் சால்மன் மீன் கூட்டம் கூட்டமாக ஏறும், உலர்த்திப் புகைபோட்டு மாதக்கணக்கில் வைக்கலாம். அங்கே பிரபுக்கள் இருந்தார்கள், அடிமைகளும் இருந்தார்கள். சொத்தை வாரி வழங்கித் தன் மேன்மையை நிலைநாட்டும் பாட்லாட்ச் விருந்துகள் நடந்தன. (கனடா அரசு அதை 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது.) ஏர் கிடையாது, விதைப்பு கிடையாது, ஆனால் மேல் கீழ் உண்டு. ஆகவே "வேட்டை என்றால் சமத்துவம்" என்று மனப்பாடம் செய்யாமல், கிடங்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

4. ஆடு மாடு மேய்க்கிறவங்க முரட்டு ஆளுங்கன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. அதுக்கும் காரணம் இருக்கா?

"முரடு" என்பது பக்கத்து ஊர்க்காரன் வைத்த பெயர், அதை விடுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்மை. வயலை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போக முடியாது, மந்தையை முடியும். அதனால் "இவனிடம் கைவைத்தால் சும்மா விடமாட்டான்" என்ற பெயரே மேய்ப்பவனுக்கு வேலி. நம் நடுகற்களில் எத்தனை மாடு பிடிச் சண்டையில் செத்தவர்களுக்கு நட்டவை! தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில் "ஆகோள்" என்ற சொல்லே இருக்கிறது, மாடு கவர்தல் என்று பொருள். வெட்சி, கரந்தை என்று அதற்குத் திணையே வகுத்தவர்கள் நாம்.

ராபர்ட் எட்ஜர்டன் கிழக்கு ஆப்பிரிக்காவில் நான்கு இனங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பயிர் செய்யும் பிரிவையும் மேய்க்கும் பிரிவையும் ஒப்பிட்டு 1971இல் எழுதினார். மேய்ப்பவர்கள் மனதில் பட்டதை நேரடியாகச் சொன்னார்கள், பயிர் செய்பவர்கள் உள்ளே வைத்துப் புழுங்கினார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. யோசித்தால் புரியும். சண்டை வந்தால் மந்தைக்காரன் மந்தையை ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடலாம். பக்கத்து வயல்காரனோடு முப்பது வருடம் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

5. எங்க மாமா ஊர் நஞ்சை, எங்க ஊர் புஞ்சை. அங்க நடக்கிற மாதிரி இங்க எதுவும் நடக்காது. ஒரே தமிழ்நாடுதானே?

இந்தக் கேள்விக்கு ஒரு வகுப்பு முழுக்கப் போகும். புஞ்சையில் வானம் பார்த்த பூமி, இல்லாவிட்டால் கிணறு. கம்பு, சோளம், வரகு என்று கலந்து விதைப்பார்கள். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். கவலை (மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது) இறைத்த காலத்தில் நிலத்துக்காரரே மாட்டின் பின்னால் முன்னும் பின்னும் நடந்தார். நிலம் வைத்திருப்பவர் கையிலும் காய்ப்பு இருக்கும். விளைச்சல் குறைவு, ஆகவே உட்கார்ந்து சாப்பிடும் ஆட்களும் குறைவு.

டெல்டாவில் கதை வேறு. வாய்க்கால் தண்ணீர் நிச்சயமானது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு இன்னும் நிச்சயமானது, ஜூன் 12 என்று தேதியே உண்டு. ஏக்கருக்கு விளைவது அதிகம், நடவுக்கும் அறுப்புக்கும் ஒரே நேரத்தில் ஏராளமான கை வேண்டும். அதனால் சேற்றில் கால் வைக்காத நில உடைமையாளர் ஒரு முனையிலும், நிலமே இல்லாத பண்ணையாள் மறு முனையிலும் நிற்கும் சமூகம் அங்கே உருவானது. கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்திலும் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்திலும் தஞ்சைக் கிராமங்களில் தங்கிப் பார்த்து எழுதியது இதைத்தான். அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என்று ஊர் வரைபடத்திலேயே அது தெரியும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வுக்கான போராட்டத்தின் உச்சத்தில், 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அது கரிசல் காட்டில் நடக்காமல் தஞ்சை என்ற நெற்களஞ்சியத்தில் நடந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. புஞ்சையில் சாதிக் கொடுமை இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அங்கே அது வேறு உருவத்தில் இருந்தது, இருக்கிறது.

6. நெல் பயிரிடுறவங்க ஒத்துமையா இருப்பாங்கன்னு சீனாவுல நிரூபிச்சுட்டாங்களாமே? நீங்க சொல்றது தலைகீழா இருக்கே?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். தாமஸ் டால்ஹெல்மும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. சீனாவில் ஆறு இடங்களில் 1,162 மாணவர்களைச் சோதித்தார்கள். நெல் விளையும் தெற்கில் பிறரைச் சார்ந்த மனப்போக்கும், கோதுமை விளையும் வடக்கில் தனித்த மனப்போக்கும் கூடுதலாகத் தெரிந்தன. நெல்லுக்கு உழைப்பு அதிகம், தண்ணீரைப் பங்கிட வேண்டும், ஆகவே பக்கத்து வீட்டுக்காரன் தேவை என்பது வாதம். மாதிரியைப் பற்றியும், வேறு காரணங்கள் இருக்கலாம் என்பது பற்றியும் சர்ச்சை உண்டு. "நிரூபித்துவிட்டார்கள்" என்பது செய்தித்தாள் பேச்சு.

பாலித் தீவில் ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள் சேர்ந்து சுபக் என்ற அமைப்பு வைத்திருக்கிறார்கள். எந்த வயலில் எப்போது நடவு, எதை எப்போது காயப்போடுவது என்பது தண்ணீர்க் கோயில்களில் முடிவாகும். 1970களில் பசுமைப் புரட்சி அதிகாரிகள் அந்த வரிசையை விட்டுவிட்டு இஷ்டத்துக்கு நடச் சொன்னார்கள். தண்ணீர்ச் சிக்கல் வந்தது, பூச்சி பெருகியது. பக்கத்துப் பக்கத்து வயல்களை ஒரே நேரத்தில் காயப்போட்டால் பூச்சிக்குப் போக்கிடம் இருக்காது என்பதை அந்தப் பூசை நாட்காட்டி உள்ளே வைத்திருந்தது என்று ஸ்டீபன் லான்சிங் காட்டினார். 2012இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அங்கேயும் நெல், தஞ்சையிலும் நெல். அங்கே வயலுக்குச் சொந்தக்காரனே சேற்றில் நின்றான், இங்கே நிற்கவில்லை. "நிறையக் கைகள் வேண்டும்" என்று மட்டும்தான் பயிர் சொல்லும். அந்தக் கைகள் பக்கத்து வீட்டுக்காரனின் மாற்றாள் வேலையாக வருமா, கடனில் கட்டுண்ட ஆளாக வருமா என்பதை நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது முடிவு செய்யும்.

7. எங்க பாட்டிக்கு மாப்பிள்ளை வீட்டுல பரிசம் கொடுத்தாங்க. எங்க அக்காவுக்கு நாங்க கொடுத்தோம். நடுவுல என்ன ஆச்சு?

பெண் வீட்டுக்குப் பணம் வரும் வழக்கம் தமிழ்நாட்டில் பல சமூகங்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தது. நடவும் களையெடுப்பும் பெண் வேலை. பெண்ணை அனுப்பும் வீடு ஒரு உழைப்பாளியை இழக்கிறது, அதற்கு ஈடு கேட்கிறது. "பரிசம் போடுவது" என்ற சொல் மட்டும் நிச்சயதார்த்தத்துக்கு இன்றும் நிற்கிறது, பணம் திசை மாறிவிட்டது.

கொஞ்சம் வசதி வந்த வீடுகள் முதலில் செய்தது பெண்ணை வயலிலிருந்து வீட்டுக்குள் அழைத்துக்கொண்டதுதான், அதுதான் கௌரவம் என்று நினைத்தார்கள். அதே சமயம் பையன் படித்து மாதச் சம்பளத்துக்குப் போனான். அவன் விலை ஏறியது, அவள் உழைப்பு கணக்கிலிருந்து விழுந்தது. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும் இது நிற்கவில்லை. ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பெண்கள் இன்றும் கூலிக்குப் போகும் வீடுகளிலும் வரதட்சணை கொடுக்கிறார்கள். அங்கே பிழைப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, மேலே இருப்பவரைப் பார்த்துச் செய்வதும் ஒரு விசை.

8. கடலோரத்துல காசு பொம்பளைங்க கையிலதானாம். அப்போ அங்க பெண்ணுக்கு அதிகாரம் ஜாஸ்தியா?

காசு கையில் இருப்பது உண்மை. ஆண் கரைக்கு வரும்போது களைத்திருப்பான், மீன் காத்திருக்காது. உடனே ஏலம், உடனே கூடை, உடனே சந்தை. அதனால் விற்பது, கடன் வாங்குவது, சீட்டுப் பிடிப்பது எல்லாம் பெண் பொறுப்பாயின. கன்னியாகுமரி முக்குவர் பெண்களைப் பற்றி ஆய்வு செய்த கல்பனா ராம் இந்தக் கடன் வலையை விரிவாகக் காட்டியிருக்கிறார். நிலம் வைத்த வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை பணம் வரும். இங்கே தினமும் வரும், சில நாள் வராது. அன்றாடம் கணக்குப் பார்க்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

அதிகாரம் என்றால் தயங்குவேன். படகு ஆண் பெயரில், கடலில் இறங்க அவளுக்கு அனுமதி இல்லை. அவன் கடலில் இருக்கும்போது அவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கே கட்டுப்பாடுகள் உண்டு. பிறகு விசைப்படகும் பனிக்கட்டியும் ஏற்றுமதி வியாபாரியும் வந்தபோது பெரிய ஏலம் துறைமுகத்துக்குப் போய்விட்டது, கூடைக்காரிக்குச் சில்லறை மீன்தான் மிஞ்சியது.

9. கடலுக்குப் போறவங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சகுனம், சாங்கியம்?

மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் நியூ கினி பக்கத்து டிரோப்ரியாண்ட் தீவுகளில் இருந்தபோது பார்த்தது இது: அமைதியான உள்கழியில் மீன் பிடிக்க மந்திரம் எதுவும் இல்லை, ஆபத்தான திறந்த கடலுக்குப் போக மந்திரத்துக்குக் குறைவில்லை. ஆட்கள் அதே ஆட்கள். கடல்காரர் மூடர், வயல்காரர் அறிவாளி என்று யாராவது சொன்னால் தேர்வு அறையில் உங்கள் பக்கத்தில் உட்காருபவரின் ராசியான பேனாவைக் காட்டுங்கள்.

10. அப்போ நிலமும் வானிலையும்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுதா? மனுஷனுக்கு ஒரு வேலையும் இல்லையா?

இதற்கு நீலகிரியே பதில். ஒரே மலை, அதே குளிர், அதே மழை. தோடர் எருமை வளர்த்தார்கள், கோத்தர் இரும்படித்துப் பானை வனைந்தார்கள், படகர் பயிர் செய்தார்கள், குறும்பர் காட்டுப் பொருளும் மந்திரமும் கொடுத்தார்கள். ஒருவர் தருவது மற்றவருக்கு வேண்டும். தோடர் சாவுக்குக் கோத்தர் வாசித்தார்கள். வானிலை முடிவு செய்திருந்தால் நாலு பேரும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும்.

தோடரைப் பற்றி மானுடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் எழுதியதைப் படித்தால், ஒரு பிழைப்பு எவ்வளவு தூரம் வழிபாடாக மாற முடியும் என்று தெரியும். பால்மனைதான் கோயில், கறப்பவர்தான் பூசாரி. எருமைகளிலும் பால்மனைகளிலும் படிநிலை உண்டு, உயர்ந்த மனைக்கு விரதமும் கடினம். எருமை வளர்க்கும் எல்லாரும் இப்படிச் செய்வதில்லை. நிலம் வாய்ப்புகளைத் தரும், பிழைப்பு நெருக்கும், மிச்சத்தை மனிதர்கள் இழைத்து இழைத்துச் செய்கிறார்கள். பிறகு ஊட்டியில் சந்தை வந்தது, உருளைக்கிழங்கும் தேயிலையும் வந்தன, படகர் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பண்டமாற்று உறவு தளர்ந்தது.

11. செட்டிநாட்டுல அவ்வளவு பெரிய வீடு கட்டிட்டு, உள்ளே மகனுக்கு மகன் தனி அடுப்பு வைப்பாங்களாமே. ஏன்?

நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான மகனை "வேறு வைப்பார்கள்". வீடு ஒன்று, கூரை ஒன்று, ஆனால் சமையலும் வரவு செலவும் தனி. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு "புள்ளி", கோயில் வரி அந்தக் கணக்கில்தான்.

வயலைத் துண்டு போட்டால் வாய்க்காலும் வரப்பும் தகராறாகும், அதனால் விவசாயக் குடும்பம் சேர்ந்திருக்கப் பார்க்கும். பணத்தைத் துண்டு போட்டால் பணம்தான். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்தியவர்களுக்கு யாருடைய முதல் எவ்வளவு என்பது தெளிவாக இருக்க வேண்டும், அதே சமயம் நம்பிக்கைக்கு உறவும் வேண்டும். ஒரே வீட்டில் தனித்தனிக் கணக்கு என்பது அந்த இரண்டுக்கும் சேர்த்துச் செய்த ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது. சின்னப் பையனைப் பெட்டியடியில் (கடையின் பணப்பெட்டி அருகே) உட்காரவைத்துப் பழக்கி, அடுத்தாளாக்கி (உதவியாளாக்கி), பிறகு மூன்று வருடத் தவணையில் கடல் கடந்து அனுப்புவார்கள். பெண்கள் ஊரிலேயே இருந்து வீட்டை நடத்தினார்கள். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தப் பிழைப்பு ஆட்டம் கண்டது. வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன, நல்லது கெட்டதுக்கு மட்டும் திறக்கிறார்கள்.

12. ஆடியில கல்யாணம் வைக்காததுக்கு விதைப்புதான் காரணம்னு சொல்றாங்க. இப்படி எதுக்கு வேணாலும் ஒரு காரணம் சொல்லிடலாமே சார்?

சொல்லிவிடலாம், அதுதான் ஆபத்து. ஆடிப்பட்டம் விதைப்புக் காலம், கையில் காசு இருக்காது, கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அது விதைப்பு மாதம் இல்லையே! விதைக்கவே விதைக்காத கடலோரக்காரரும் கடைக்காரரும் ஆடியைத் தவிர்க்கிறார்கள். ஆகவே இந்த விளக்கம் முழுமையில்லை. "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்பதற்கு அறுவடைக் காரணம் இதைவிட உறுதியாக நிற்கும்.

மானுடவியலாளர் மார்வின் ஹாரிஸ் 1966இல் பசுவின் புனிதத்துக்கு இப்படி ஒரு காரணம் சொன்னார்: உழவு மாடு ஈனவும், சாணம் தரவும் பசு உயிரோடு வேண்டும், பஞ்சத்தில் அடித்துத் தின்றுவிட்டால் அடுத்த வருடம் ஏர் இல்லை. அவர் பின்னால் சேர்த்த ஒரு தகவல் முக்கியம். எல்லாரும் பசுவைக் கும்பிட்டாலும், உழவுக்குக் காளை அதிகம் வேண்டிய வடக்கில் காளை எண்ணிக்கை கூடுதல், கேரளத்தில் பசு எண்ணிக்கை கூடுதல். வேண்டாத கன்றைப் பட்டினி போடும் கணக்கு பக்திக்குப் பின்னால் நடக்கிறது என்றார். மாட்டின் எண்ணிக்கைக்கு அது நல்ல விளக்கம். பசு ஏன் புனிதமானது என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. ஒரு வழக்கத்தால் பயன் இருக்கிறது என்பதும், அந்தப் பயனுக்காகவே அது பிறந்தது என்பதும் ஒன்றல்ல.

13. சாதியும் தொழில்ல இருந்து வந்ததுதானே? வழிகாட்டிப் புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.

போட்டிருக்கும், நம்பாதீர்கள். குயவர் இல்லாத நாடு கிடையாது. ஆனால் குயவர் மகன் குயவராகவே இருக்க வேண்டும், குயவர் வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டும், இன்னார் தெருவில் நடக்கக் கூடாது என்று எல்லா நாட்டிலும் இல்லை. தொழிலால் மட்டும் சாதி வந்திருந்தால், தொழிலை விட்ட அன்றே சாதி போயிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஆனவரிடமும் "நீங்க எந்த ஊர்ப் பக்கம்" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்களே.

அம்பேத்கர் 1936இல் சொன்னதுதான் இன்றும் கூர்மையான பதில்: சாதி வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்பவர்களின் பிரிவினை. 5ஆம், 6ஆம் பதில்களில் பார்த்தபடி, கை வேண்டும் என்பது பிழைப்பின் தேவை. அந்தக் கை என்றைக்கும் கீழேயே இருக்க வேண்டும் என்பது மேலே இருப்பவரின் தேவை.

14. தோட்டத்துல, ஆலையில கூலி வேலைன்னா அதுக்குன்னு ஒரு பண்பாடு வருமா?

வரும், வேகமாகவும் வரும். இலங்கை மலையகத்தைப் பாருங்கள். காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் (ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள்) சொந்தக்காரரையும் ஊர்க்காரரையும் முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனார்கள். 1869இல் காப்பி இலைநோய் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார், தோட்டங்கள் அதற்கு மாறின. காலையில் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு), லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வரிசையாக அறைகள், கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர் (பாதி நாள் கூலி), மேலே துரை. நாளை மணியும் எடையும் அளந்தன, பருவம் அளக்கவில்லை. விவசாயி விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையே மூச்சு விடுவான், கொழுந்துக்கு ஓய்வு மாதம் கிடையாது. அதே மக்கள்தான் ஊரிலிருந்து கொண்டுபோன காமன் கூத்தை விடாமல் ஆடி, தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

8ஆம் பதிலோடு ஒப்பிட்டால் ஒன்று தெரியும். கொழுந்து பறிப்பது பெண்கள், ஆனால் பல தோட்டங்களில் அவர்கள் சம்பளத்தையும் வீட்டு ஆண்களே போய் வாங்கினார்கள். யார் சம்பாதிக்கிறார் என்பதைவிடப் பணம் யார் கையில் விழுகிறது என்பது பெரிய கேள்வி.

15. விவசாயம் முன்னேறினா ஊரும் மனசும் முன்னேறும்தானே?

கர்நாடகத்தின் மண்டியா அருகே இரண்டு கிராமங்களில் ஸ்கார்லெட் எப்ஸ்டீன் 1950களின் நடுவில் ஆய்வு செய்தார். வங்காலாவுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்தது, கரும்பு போட்டார்கள், பணம் புரண்டது. மேட்டில் இருந்த தாலேனாவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. எந்த ஊர் அதிகம் மாறியிருக்கும் என்று வகுப்பில் கேட்டால் எல்லாரும் வங்காலா என்பார்கள்.

மாறியது தாலேனா. தண்ணீர் வந்த ஊரில் பழைய விவசாயமே பெரிதாக நடந்தது, ஆகவே பழைய ஆண்டான் ஆள் உறவும் சடங்கும் அப்படியே தொடர்ந்தன, இன்னும் பலமாக. தண்ணீர் வராத ஊர்க்காரர்கள் வண்டி ஓட்டினார்கள், வேலைக்குப் போனார்கள், வியாபாரம் செய்தார்கள். வெளியே பிழைத்தவர்களுக்கு ஊருக்குள் இருந்த பழைய பிடிகள் தளர்ந்தன. பண்பாட்டை அசைப்பது பணத்தின் அளவு இல்லை, அந்தப் பணம் புது உறவுகள் வழியாக வருகிறதா என்பதுதான்.

16. தொழில் போயிட்டா பண்பாடும் போயிடுமா? மாடே இல்லாத அபார்ட்மென்ட்ல மாட்டுப் பொங்கல் கொண்டாடுறோமே?

உடனே போகாது, வேறு வேலைக்குச் சேர்ந்துகொள்ளும். ஏறுதழுவல் கலித்தொகையில் ஆயர் வீட்டுக் கல்யாணப் பரீட்சை. இன்றைய ஜல்லிக்கட்டில் பெண் கொடுப்பதில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் போட்ட தடையை எதிர்த்து 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்டவர்களில் எத்தனை பேர் வீட்டில் மாடு இருந்திருக்கும்? மேய்ச்சலில் பிறந்தது உழவர் விழாவாகி, பிறகு "நாங்கள் யார்" என்று சொல்லும் கொடியாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் இல்லாத வருடங்களில் போர்வெல் தண்ணீரில் ஆடிப்பெருக்கு கும்பிட்டவர்களும் உண்டு.

17. ஐ.டி. வேலைக்கு என்ன பண்பாடு?

இன்னும் ஒரு தலைமுறைதான் ஆகியிருக்கிறது, அவசரப்பட வேண்டாம். ஆனால் 1ஆம் பதிலில் சொன்ன அதே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். வேலை யாரோடு? முகம் பார்க்காத ஆட்களோடு. எப்போது? வேறொரு நாட்டின் பகலில். சேமிப்பு? வீட்டுக் கடன் தவணையாக. பக்கத்து வீட்டுக்காரர் எதற்கும் தேவைப்படாத முதல் பிழைப்பு இதுவாக இருக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்கும்போது மட்டும் கொஞ்சம் தேவைப்படுகிறார்.

18. எங்க குடும்பத்துலயே இதைக் கண்டுபிடிக்கணும்னா எப்படி ஆரம்பிக்கிறது?

வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் உட்காருங்கள். பண்பாடு என்ற சொல்லையே எடுக்காதீர்கள், எடுத்தால் மேடைப் பேச்சு மாதிரி பதில் வரும். எந்த மாதம் வீட்டில் அரிசி தீரும், அப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். சாவு வீட்டுக்கு முதலில் யாருக்குச் சொல்லி அனுப்புவீர்கள், கல்யாணச் சமையலுக்குப் பாத்திரம் யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த வேலைக்குக் கூலி தானியமாகக் கொடுத்தார்கள், எப்போது காசாக மாறியது, பாட்டி எந்த வயதில் வயலுக்குப் போவதை நிறுத்தினார், யார் நிறுத்தச் சொன்னது என்று ஒவ்வொன்றாகப் போங்கள்.

கடன் யாரிடம் வாங்கினீர்கள் என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.